ஒல்லாந்து வியாபாரியைத் தேடிய குமாஸ்தா

உயிரோடு இருப்பவர்களின் வழக்குக்கு இறந்தவர்களைத் துணைக்கு அழைத்து வரும் தொழில், வக்கீல் குமாஸ்தா தொழில். பாகப்பிரிவினை வழக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வம்சாவளிப் படம் வேண்டும். உச்சியில் மூலபுருஷர், அவருக்குக் கீழே அவருடைய புதல்வர்கள், அவர்களுக்குக் கீழே அவரவர் புதல்வர்கள் என்று கோடுகள் இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் நீதிமன்றத்தில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கும் அண்ணன் தம்பியிடம் வந்து நிற்கும். நான் பள்ளியில் படித்தது எட்டாம் வகுப்பு வரையில்தான். எனினும் இப்படம் வரைவதில் ஸ்ரீரங்கத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் எனக்கு நிகராக ஒருவரும் இருந்ததில்லை என்பதைத் தன்னடக்கத்தை ஒருபுறம் ஒதுக்கிவைத்துவிட்டுச் சொல்லிக்கொள்கிறேன். தாத்தாவுக்குத் தாத்தா பெயர் தெரியாமல் ஊர் ஊராக அலைந்து விழி பிதுங்கிய அன்பர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், நான் பட்ட பாடு அவர்களுக்கு விளங்கும். மற்றவர்களுக்கு விளங்குமா என்பது ஐயமே. எனக்கே இன்னும் முழுவதும் விளங்கவில்லை.

வாழைத்தோப்புக்காரரின் தம்பி

முதலில் என் தொழிலின் இயல்பை உணர்த்த ஒன்று சொல்கிறேன். ஜீயபுரத்திலிருந்து வாழைத்தோப்புக்காரர் ஒருவர் எங்கள் வக்கீல் ஐயங்காரிடம் வழக்குக் கொடுக்க வந்தார். தம் தகப்பனாருக்கு மூன்று புதல்வர்கள் என்றார். அவருடன் வந்த மைத்துனர் கூரையைப் பார்த்துக்கொண்டு இருமினார். அந்த இருமலின் பொருள் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்து, "நான்காவது ஒருவர் உண்டா?" என்று கேட்டேன்.

பெண்மக்களைப் பற்றி நான் கேட்கவில்லை. பெண்ணுக்குப் பங்கில்லை, பங்கில்லாதவருக்குப் படத்தில் கோடில்லை என்பது நான் பழகிய முறை. ஆனால் ஆண்மகன் ஒருவன் விடுபட்டால் வழக்கே கவிழ்ந்துவிடும். ஆகவே வற்புறுத்தினேன். தோப்புக்காரர் மைத்துனரை ஒருமுறை முறைத்துவிட்டுச் சொன்னார்:

"அவன் எங்க அப்பாவுக்குப் பொறந்தவன்தாங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா எனக்குத் தம்பி இல்லீங்க."

எதிர்க்கட்சி இல்லாத வழக்கு

ஐம்பதுகளின் பிற்பகுதியில் ஒரு காலை வேளை. ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் இருந்த எங்கள் வக்கீல் வீட்டு வாசலில் தொப்பி அணிந்த ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வசிக்கும் டெஸ்மண்ட் ஹென்ட்ரிக்ஸ் என்றும், எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றும் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். ஆங்கிலோ இந்தியர். வெயிலும் எஞ்சின் அடுப்பும் சேர்ந்து அவரை நன்றாகக் கறுக்க வைத்திருந்தன.

அவருடைய ஒரே மகள் டோரத்தி, கணவனுடன் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோய்விட்டாள். இப்போது பிள்ளை உண்டாகியிருக்கிறாள். தாயும் தகப்பனும் அங்கேயே வந்து தன்னோடு இருக்க வேண்டும் என்று அழைத்திருக்கிறாள். ஆனால் அந்நாட்டுக்குக் குடியேற வேண்டுமானால், முன்னோர் ஐரோப்பியர் என்று மதராஸில் உள்ள ஓர் அதிகாரிக்கு மெய்ப்பித்துக் காட்ட வேண்டுமாம். "நம்ம ஃபேமிலி டச்சு ஃபேமிலி மேன். நாகப்பட்டினத்துல பெரிய மர்ச்சென்ட். ஹென்ட்ரிக்னு பேரு. எங்க தாத்தாவோட தாத்தா பீட்டர்தான் அங்கேருந்து திருச்சி கன்டோன்மென்டுக்கு வந்தாரு. பீட்டருக்கு மேல எனக்குத் தெரியாது. நீங்கதான் கண்டுபிடிச்சுத் தரணும்" என்றார்.

ஹாலந்து தேசத்தாரை ஒல்லாந்தர் என்று எழுதுவது நம்மவர் மரபு. ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தில் கோட்டை கட்டி வாணிபம் செய்தவர்கள் என்பதை நான் படித்திருந்தேன். இதைக் காட்டிலும் பெரிய மூலபுருஷர் எனக்கு எப்போது கிடைக்கப்போகிறார்! நான் ஆவலோடு வக்கீலின் முகத்தைப் பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எதிர்க்கட்சி யாரு?" என்றார். யாரும் இல்லை என்று டெஸ்மண்ட் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"ஓய் பிள்ளை, எதிர்க்கட்சி இல்லாத வம்சாவளி இந்த ஆத்துக்கு இப்பத்தான் முதல் தடவையா வர்றது. வேணும்னா நீர் எடுத்துக்கும். ஆனா ஜாக்கிரதை. மறுத்துச் சொல்ல ஒருத்தன் இல்லேன்னா, எது பொய்ங்கறது நமக்கே தெரியாதுங்காணும்."

பீரோவின் சாட்சியம்

பொன்மலையில் டெஸ்மண்டின் வீட்டுக் கூடத்தில் ஒரு பீரோ நின்றது. கறுத்த மரம், பூசணிக்காய் போல உருண்ட கால்கள். ஹென்ட்ரிக் துரை ஒல்லாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தது என்று டெஸ்மண்ட் அதைத் தடவிக்கொண்டே சொன்னார். பொருள் சாட்சி வாய்ச் சாட்சியினும் வலிது என்பது என் கொள்கை. ஆகவே பெரிய கடைவீதியில் பழைய மரச்சாமான் வியாபாரம் செய்யும் பாய் ஒருவரை, பீரோவின் வயதைச் சொல்வதற்காக அழைத்துச் சென்றேன்.

பாய் கதவைத் திறந்து உள்ளே தலையை நுழைத்தார், முகர்ந்தார், பின்பலகையை விரலால் தட்டினார். வெளியே வந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. "மாஷா அல்லா! இத செஞ்ச ஆசாரி பாலக்கரையில எங்க வாப்பாகிட்ட வேலை பார்த்தவராச்சே. நான் சின்னப்புள்ளையா இருக்கையில வந்து வாங்கிட்டுப் போனாங்க, உங்க அப்பாவாத்தான் இருக்கணும். ஒரு துரை வீட்டுல இந்த மாதிரி பார்த்தேன், எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்கன்னு கேட்டாங்களாம். இந்தக் குண்டுக்கால் கடையறதுக்குள்ள ஆசாரி அழுதுட்டாருன்னு வாப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக" என்றார்.

டெஸ்மண்ட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு காலம் கப்பலில் வந்ததாக நம்பிய பீரோ, கைவண்டியில் வந்தது என்று தெரிந்தால் எவருக்குத்தான் வருத்தம் வராது? பாய்க்கும் மனம் இளகிவிட்டது. ஆறுதல் சொல்ல எண்ணி அவர் சொன்னது இது:

"பீரோவுக்கு வம்சம் கேட்டா பாலக்கரைதான் சார் வரும். உங்களுக்கு என்ன வரும்னு அல்லாவுக்குத்தான் வெளிச்சம்."

மூன்று ஹென்ட்ரிக்குகள்

ஆகவே ரயில் ஏறி நாகப்பட்டினம் சென்றேன். தேவாலயத்துப் பழைய பதிவுகளைக் கரையான் தின்றுவிட்டதாகச் சொன்னார்கள். எஞ்சியவை கல்லறைக் கற்களே. ஒல்லாந்து மொழி எனக்குத் தெரியாது. ஆங்கில எழுத்து தெரியும், எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. முட்செடிகளை விலக்கிக் கல்லின் மீது என் மல் துண்டை விரித்து, அடுப்புக்கரியால் தேய்த்தேன். எழுத்துக்கள் துணியில் வெள்ளையாக எழும்பின. இம்முறையை எனக்கு எவரும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஹென்ட்ரிக் என்ற பெயரைக் கண்டதும் மூலபுருஷர் அகப்பட்டுவிட்டார் என்று துண்டைச் சுருட்டினேன். பத்தடி தள்ளி இன்னொரு ஹென்ட்ரிக் கிடந்தார். வேலியோரத்தில் மூன்றாமவர். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் நாட்டு வழக்கம் மட்டுமே என்று எண்ணியிருந்தேன். அந்த ஒல்லாந்தரும் அவ்வாறே செய்து தொலைத்திருக்கிறார்கள். நம்மூரில் ரங்கசாமி மகன் கோவிந்தசாமி, கோவிந்தசாமி மகன் ரங்கசாமி என்று வந்து குமாஸ்தாவின் தலையைச் சுற்ற வைப்பது போதாதென்று, கடல் கடந்து வந்தவர்களும் ஹென்ட்ரிக், கொர்னேலிஸ், ஹென்ட்ரிக், கொர்னேலிஸ் என்று மாறி மாறிப் படுத்திருந்தார்கள். ஆண் பெயர் தாங்கிய கற்கள் அனைத்தையும் படியெடுத்தேன். பெண் பெயர் கண்ட கற்களில் காலத்தைச் செலவிடவில்லை.

திரும்பி வந்து, மூவரில் எவர் தங்கள் மூலபுருஷர் என்று தெரியவில்லை என்றேன். டெஸ்மண்ட் சிறிதும் கலங்கவில்லை.

"மூணு பேரையும் போட்டுடுங்க மேன். யாராவது ஒருத்தராவது நம்ம ஆளா இருக்க மாட்டாரா?"

ஐரீன் அம்மாள் கேட்டது

மூன்று மூலபுருஷர்களை ஓர் உச்சியில் நிறுத்த எந்த நீதிமன்றமும் இடங்கொடாது. ஒருவாறு வயதைக் கணக்கிட்டு, நடு ஹென்ட்ரிக்கைத் தேர்ந்தெடுத்து, அவரிடமிருந்து பீட்டருக்குப் புள்ளிக் கோடு ஒன்றை இறக்கி, தடித்த தாளில் இந்தியன் இங்க் கொண்டு படத்தை முடித்தேன். பீட்டருக்குக் கீழே அவர் மகன், பேரன், டெஸ்மண்டின் தகப்பனார், டெஸ்மண்ட் எனக் கோடு பனைமரம் போல நேராக இறங்கியது. அழகில் குறை சொல்ல முடியாத படம்.

டெஸ்மண்டின் மனைவி ஐரீன் அம்மாள் தேநீர்த் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் படத்தின் மேல் குனிந்தார். சிவந்த மேனியும் பூனைக் கண்ணும் உடையவர், அதிகம் பேசாதவர். விரலை உச்சியில் வைத்து மெல்ல மெல்லக் கீழே கொண்டுவந்தார். பிறகு மறுபடியும் மேலே கொண்டுபோனார். ஏதோ ஒரு பெயரைத் தவறாக எழுதிவிட்டேன் போலும் என்று நான் அஞ்சினேன். அவர் கேட்டார்:

"மிஸ்டர் பிள்ளை, இந்த மரத்துல ஒரு லேடிகூட இல்லையே. இத்தனை ஆம்பளைங்களும் ஒருத்தர் மேல ஒருத்தரா தானாவே முளைச்சாங்களா?"

பாதிரியார் படித்தது

அக்கேள்விக்கு எனக்குத் தெரிந்த ஒரே விடை பங்கைப் பற்றியது. இங்கோ பங்கு கேட்பவர் எவரும் இல்லை. இரண்டு நாள் உறக்கம் பிடிக்காமல், மீண்டும் நாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறினேன். முன்பு நான் தாண்டிச் சென்ற கற்களின் முன் ஒவ்வொன்றாகக் குந்தினேன். மரியா என்று தொடங்கிய நீண்ட கல் ஒன்றின் அடியில், பீட்டர் ஹென்ட்ரிக்ஸ் என்ற பெயர் தெளிவாக இருந்தது. முதல் பயணத்தில் அக்கல்லின் மீதுதான் என் குடையையும் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் வைத்திருந்தேன்.

திருச்சியில் அயல்நாட்டுப் பாதிரியார் ஒருவர் இருந்தார். ஒல்லாந்து மொழி படிக்கத் தெரிந்தவர். தமிழை நூல்களிலிருந்து கற்றவர். மரியாவின் கல்லைப் படியெடுத்த துண்டை அவர் மேசைமீது விரித்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் படித்தார். மரியா என்பவள் இத்துறைமுகத்து வியாபாரி ஹென்ட்ரிக்கின் மகள். அவளுடைய தாய் இந்நாட்டுப் பெண், பெயர் தெரசா. தந்தை இறந்த பின்பு அவருடைய துணி வாணிபத்தை முன்னினும் பெருகச் செய்தவள் இவள். மகன் பீட்டர் இக்கல்லை நாட்டினான். அவ்வளவே. மரியாவின் கணவன் பெயரைக் காணவில்லை. பீட்டர் தன் பெயருக்குப் பின்னால் வைத்துக்கொண்டது தாயைப் பெற்றவரின் பெயரை.

ஆக, புள்ளிக் கோடு போட்டு நான் ஆணுக்கு ஆணாக இறக்கிய வம்சம், ஒரு பெண்ணின் வழியாக இறங்கியிருக்கிறது. "பீட்டருடைய தகப்பனார் யார், ஐயா?" என்று நான் இரண்டு முறை கேட்டேன். பாதிரியார் துணியைப் புரட்டி மறுபுறமும் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு கூறினார்:

"அன்பரே, தாங்கள் தேடிய வியாபாரி இக்கல்லில் தகப்பனாராக மாத்திரம் வருகிறார். வியாபாரி என்று இது புகழ்வது இந்த அம்மாளையே."

வக்கீலின் கணக்கு

புதிய படத்தில் மரியாவை நடுவே நிறுத்தினேன். தெரசாவுக்கும் கோடு போட்டேன். பீட்டருக்குக் கீழே வந்த ஒவ்வொருவருக்கும் மனைவியர் பெயரை டெஸ்மண்ட் தம்பதியிடம் கேட்டு எழுதினேன். கேட்கக் கேட்க நம்மூர்ப் பெயர்களே மிகுதியாக வந்தன. அந்தோணியம்மாள், சவரியம்மாள், மறுபடியும் ஒரு தெரசா. பனைமரமாக இருந்த படம் ஆலமரமாகப் படர்ந்தது. அதிகாரிக்கு வேண்டிய ஒல்லாந்தர் உச்சியில் ஓர் ஓரமாகச் சுருங்கிவிட்டார்.

வக்கீலிடம் காட்டினேன். பெண்ணுக்கும் பங்கு என்று சட்டம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதனால் வழக்குகள் இரட்டித்ததில் அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி. படத்தைப் பார்த்ததும் அவருக்குப் பழக்கதோஷத்தால் கை துருதுருத்தது. பென்சிலை எடுத்து, ஹென்ட்ரிக்கைச் சொத்தாகவும் மற்றவர்களை வாரிசுகளாகவும் பாவித்து, தலைமுறைக்குப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே இறங்கினார். டெஸ்மண்டை அடைந்தபோது பென்சிலைக் கீழே வைத்தார்.

"அறுபத்து நாலில் ஒரு பாகம். இத வச்சுண்டு அந்த ஒல்லாந்து தேசத்துச் சுவர்ல ஒரு ஆணி அடிக்கக்கூட பாத்தியதை கிடையாதுங்காணும்."

ஒற்றை வட்டம்

எனக்கு இப்போது இருந்த குழப்பத்தை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் படம் ஐரோப்பியப் படம், ஆனால் பொய். இரண்டாவது படம் மெய். ஆனால் அதைக் காட்டினால் டெஸ்மண்ட் கப்பல் ஏறுவது சந்தேகம். எதைக் கொண்டுபோவது என்று அவரையே கேட்டேன். அவர் மரியாவின் பெயர்மீது கையை வைத்துக்கொண்டு, "ஹென்ட்ரிக் பேரைச் சின்ன வயசுலேருந்து கேட்டிருக்கேன். இந்தம்மாவை இப்பத்தான் பார்க்கறேன். இவங்கள வீட்டுல விட்டுட்டு எப்படி மேன் போறது?" என்றார். இரண்டாவது படமே என்று முடிவாயிற்று.

மனைவியின் வம்சாவளியும் தனியே வேண்டும் என்று மதராஸிலிருந்து தகவல் வந்தது. ஐரீன் அம்மாளிடம் பேனாவும் தாளுமாகப் போய் உட்கார்ந்தேன். அவர் கன்னிமாடத்து வாசலில் கைக்குழந்தையாகக் கிடந்தவர் என்பதை அன்றுதான் அறிந்தேன். தாய் தெரியாது, தகப்பன் தெரியாது. பெயரும் கன்னியாஸ்திரீகள் இட்டது. என் தொழிலில் அப்படியொரு தாளை நான் கண்டதில்லை. வெறுந்தாளை அனுப்பக் கூச்சமாக இருந்ததால், நடுவில் ஒரு வட்டமிட்டு அதற்குள் ஐரீன் என்று என் மிக நேர்த்தியான எழுத்தில் எழுதினேன். அவர் அதை எட்டப் பிடித்துப் பார்த்துச் சிரித்தார்.

"ஒரு சண்டையும் சச்சரவும் இல்லாத ஃபேமிலி, இல்லையா மிஸ்டர் பிள்ளை?"

மதராஸில் நடந்தது

அவர்கள் மதராஸ் போய்த் திரும்பிய மறுநாள் காலையிலேயே நான் பொன்மலைக்குச் சென்றுவிட்டேன். என் படத்தை அதிகாரி எந்த இடத்தில் குறுக்குக் கேள்வி கேட்டார் என்று அறிய விரும்பினேன். மேசைமேல் படம் சுருட்டியபடியே கிடந்தது. நான் கட்டிய சிவப்பு நாடா, நான் போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தது.

அதிகாரி அதைப் பிரிக்கவே இல்லை. இருவரையும் எதிரே நாற்காலியில் உட்காரச் சொன்னார். டெஸ்மண்டின் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். ஐரீன் அம்மாளின் முகத்தைப் பார்த்தார். இரண்டொரு வார்த்தை பேசினார். அம்மாள் போகலாம், ஐயா போக முடியாது என்று சொல்லி எழுந்துவிட்டார். "மரத்தையாவது பாருங்க சார்னு கேட்டேன் மேன். வேண்டாம், உங்களைப் பார்த்துட்டேனேன்னார்" என்று டெஸ்மண்ட் சொன்னார்.

அறுபத்து நாலில் ஒரு பாகத்தைக் கல்லில் காட்டி நிரூபித்தவருக்கு இடமில்லை; ஒற்றை வட்டத்துக்கு இடம் உண்டு. ஐரீன் அம்மாள் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் குரலில் மகிழ்ச்சியும் இல்லை, கோபமும் இல்லை; அவரும் என்னைப் போலவே குழம்பித்தான் போயிருந்தார்.

"என்னைப் பெத்தவங்க யாருன்னு நானும் இத்தனை வருஷமா யோசிச்சுப் பார்க்கறேன், எனக்குத் தெரியல. அந்த ஆபீசர் ஒரு பார்வை பார்த்தார், அவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

ஜங்ஷனில்

தனியே போக மாட்டேன் என்று ஐரீன் அம்மாள் சில நாள் பிடிவாதமாக இருந்தார். பேறுகாலத்தில் மகளுக்குத் தாய் வேண்டும் என்று டெஸ்மண்ட் மன்றாடினார். "போயிட்டு, குழந்தை தவழ ஆரம்பிச்சதும் வந்துடறேன்" என்று அம்மாள் சொன்னார். "வந்துடு" என்று இவர் சொன்னார். திருச்சி ஜங்ஷனில் வழியனுப்ப நானும் சென்றிருந்தேன். வாழ்நாளெல்லாம் எஞ்சினில் நின்று ஓட்டிய மனிதர், அன்று பிளாட்பாரத்தில் நின்று ரயில் போவதைப் பார்த்தார். எஞ்சின் டிரைவர் புறப்பாட்டில் வண்டியைக் குலுக்கிவிட்டான் என்று குறை சொன்னார். வண்டி மறைந்த பின்பும் அத்திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொத்து இழந்த கட்சிக்காரரிடம் அப்பீல் உண்டு என்று சொல்லிப் பழகியவன் நான். இதற்கு எந்தக் கோர்ட்டில் அப்பீல்? காபி சாப்பிடலாமா என்று மட்டும் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றியபடி, தயங்கித் தயங்கி அவர் கேட்டார்:

"பிள்ளை, பாப்பா பொறந்ததும் பேரை எழுதி அனுப்பச் சொல்லியிருக்கேன். பையனோ பொண்ணோ, டோரத்திக்குக் கீழ எழுதறதுக்கு அந்தத் தாள்ல இடம் விட்டிருக்கீங்கல்ல?"

முன்னோரைக் கண்டுபிடித்துக் கொடுத்த கட்சிக்காரரைப் பொன்மலையில் நிறுத்திவிட்டு, முன்னோரே இல்லாத அம்மாளைக் கப்பலேற்றிவிட்ட இத்தொழிலில் வம்சாவளி என்பது எதற்குத்தான் உதவும் என்பதை, என்னினும் அதிகம் அலைந்த அன்பர் எவரேனும் விளக்கினால், வழக்கமான பீஸைக் கொடுத்தே கேட்டுக்கொள்ளச் சித்தமாக இருக்கிறேன்.